கொடிக்கயிற்றுக்குப் பின்னால் காய்த்த பிளம்ஸ்

இருபது வருடம் பார்சல் எடைபோட்ட மனிதருக்குத் திடீரென்று மண்மீது காதல் வந்தால் யாரால் தடுக்க முடியும்? மனைவிக்கும் மச்சானுக்கும் பொதுவாயிருந்த உருளைக்கிழங்கு நிலத்தில், கடல் கடந்து வந்த நாற்பது பிளம்ஸ் கன்றுகளை நட்டார். அந்தப் பக்கத்தில் அதுவரை பிளம்ஸ் மரத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை.

கூடவே வேறு ரகத்தில் நாலு கன்று வந்திருந்தது. "இது பழம் சின்னது, புளிக்கும். ஆனா கண்டிப்பா ஊடால வைக்கணும் சார்" என்றார் நாற்றுப்பண்ணைக்காரர். நம்மவர் காதில் முதல் பாதிதான் ஏறியது. ராஜவம்சத்துக்கு நடுவில் புளிப்பா? நாலையும் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தார்.

ஐந்தாம் வருடம் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்தது. பூத்ததோடு சரி. ஆறாம் வருடமும் அதே கதை. "மரம் யோசிக்குது" என்று விளக்கம் சொன்னார். தெரு அவருக்குப் 'பூக்கார மாப்பிள்ளை' என்று பட்டம் கொடுத்தது.

"இந்த வருஷமும் காய்க்கலேன்னா ரம்பத்தோட வருவேன் மாப்ளே. மறுபடி கிழங்குதான்" என்றார் மச்சான். சொன்ன சொல் தவறாதவர். பழப் பருவத்தில் ரம்பத்தோடு வந்து நின்றார். நம்மவர் முதல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மாப்ளே! இந்தப் பாசத்துல பாதியாவது என் தங்கச்சி மேல காட்டியிருக்கலாம்."

தங்கச்சி கையில் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "அடிச்சுக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ரெண்டு தின்னுங்க."

ரத்தச் சிவப்பில் பிளம்ஸ்.

"கடையில வாங்கினியா?"

"கடைசி மரத்துல பறிச்சேன். துணி காயப்போடுற எடத்துல."

எறிந்த கன்றுகளில் ஒன்றை, கொடிக்கயிறு கட்ட ஆகுமே என்று அவள்தான் தோட்டத்தின் கோடியில் நட்டிருந்தாள். துணி மாட்டுகிறது என்று வருடா வருடம் கிளைகளை ஒடித்துவிடுவாள். முழங்கால் வலியால் போன வருடம் ஒடிக்கவில்லை. இந்த வருடம் அது முதல் தடவையாகப் பூத்தது. பக்கத்து மரம் காய்த்துக் குலுங்கியது. போர்வையும் பாவாடையும் தொங்கும் திசைக்கு நம் ஆராய்ச்சியாளர் போனதே இல்லை.

இப்போது போனார். பார்த்தார். பண்ணைக்காரர் சொன்னதன் மறுபாதி ஏழு வருடம் கழித்துக் காதில் விழுந்தது: அந்தப் புளிப்பு ரகத்தின் மகரந்தம் பட்டால்தான் இவை காய்க்கும். நாற்பது மணப்பெண்களை அலங்கரித்துவிட்டு, மாப்பிள்ளைகளை வேலி தாண்டி வீசியிருக்கிறார்!

"தப்பு என்னோடதுதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் யாரும் கேட்டிராத வாக்கியம்.

மச்சான் ஏழாவது பழத்தை மென்றபடி ரம்பத்தைக் கீழே வைத்தார். "சரி, இப்ப என்ன வழி?"

"இதுலேர்ந்து குச்சி வெட்டி எல்லா மரத்துலயும் ஒட்டுக் கட்டணும்." பிறகு மனைவியைப் பார்த்தார். "வெட்டிக்கலாமா?"

"வெட்டிக்குங்க. கயிறு கட்டுன கிளைய மட்டும் தொடாதீங்க."

குளிர்காலத்தில் குச்சி வெட்டப் போனவர், கொடியில் ஈரத்துணி தொங்குவதைக் கண்டு, அது காயும்வரை ரம்பத்தோடு ஓரமாக நின்றார்.