தேசிக்காயில் ஏறிய அமெரிக்கக் கார்

என் மகள் பிரெஞ்சுப் புறநகரான எபினேயில் ஒரு கராஜில் மெக்கானிக். என்னைவிட மூத்த, பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் பாடுபட்டு ஓடவைத்தாள். அதன் உறுமலைக் கேட்டாலே எனக்குப் பயம். "வித்துப்போடு பிள்ளை" என்று நாள்தோறும் சொல்லிவந்தேன்.

கடைசியில் அவள், "ஒருக்கா நீங்கள் ஓடிப் பாருங்கோ அப்பா. பிறகும் வேண்டாமெண்டால் விக்கிறன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லும் முடிவோடுதான் சென்ற ஞாயிறு காருக்குப் பூசை செய்ய லா சப்பல் கோயிலுக்குப் போனேன்.

பூசை முடிந்து, நான்கு சில்லுகளுக்குக் கீழும் ஐயர் தேசிக்காய் வைத்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, என் சின்னக் காரின் அக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோலவே மிதித்தேன். கார் பாய்ந்தது. சாறு ஐயரின் வேட்டியில் தெறித்தது. பக்கத்துக் கடையின் மரக்கறிப் பெட்டிகளுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்தேன்.

"அண்ணை, மரக்கறி வேணுமெண்டால் இறங்கி வந்து வாங்குங்கோ" என்றார் கடைக்காரர்.

ஓட்டினது போதும் என்று இறங்கக் கதவைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த மகள் ஏசவில்லை. ஸ்டியரிங்கையும் பிடிக்கவில்லை.

"துஸ்மான், பப்பா" என்று பிரெஞ்சில் சொன்னாள். "மெதுவா மிதிச்சால் அது உங்கட சொல்லுக் கேக்கும்."

கதவைச் சாத்தி, மெதுவாக மிதித்தேன். அந்தப் பெரிய உறுமல் என் பாதத்துக்குக் கீழே அடங்கி வந்தது. கோயிலுக்குப் பக்கத்து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் சனம் நின்று பார்த்தது. யாரோ கை தட்டினார்கள். சேன்-தெனி நகர் வரை நானே ஓட்டினேன்.

"விக்கவோ அப்பா?"

"விசர்க் கதை கதையாதை."

ஐம்பது வயது தாண்டியும் என் பயத்தைப் பிள்ளையின் தலையில் கட்டி வந்திருக்கிறேன். அன்று அந்தப் பயத்தை என்னோடு வைத்துக்கொண்டே ஓட்டினேன்.