மைக் அழுத்தத் தெரியாத டிரைவர்

ஆபீஸில் என் மேசைக்கு இடப்பக்கம் ஒரு ரேடியோ செட் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வண்டிகளில் பொருத்தியிருக்கும் செட்டுகள் எல்லாம் அதோடுதான் பேசும். கணக்கெழுதும் கிராணி வேலையோடு சேர்த்து அவர்களுக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு. பதினாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு, எந்த வண்டி எந்த மலையில் நிற்கிறது என்பதை அதன் இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவேன். இதையெல்லாம் ஒரு வேலை என்று எங்கள் சின்னத்துரை ஒருநாளும் நினைத்ததில்லை. அவரைப் பொறுத்தவரை நான் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் பொம்பளை.

சின்னத்துரை என்றால் பெரிய துரைக்கு அடுத்த உதவி மேனேஜர். கோலாலம்பூரிலிருந்து வந்தவர். தமிழர்தான். ஆனால் தமிழ் பேசினால் பூட்ஸில் சேறு ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ஜாக்கிரதையாக இருப்பார். அந்தப் பூட்ஸிலும் சேறு இருந்து நான் பார்த்ததில்லை. தேயிலைக்காட்டை அவர் பெரும்பாலும் கார் கண்ணாடி வழியாகத்தான் மேற்பார்வை பார்த்தார்.

பத்தொன்பதாம் மலைக்கு ஆட்களை ஏற்றிப்போகிற போர்வீல் ஜீப் வண்டியில்தான் சிக்கல் ஆரம்பித்தது. அந்த மலை தோட்டத்தின் கடைசியில், ஒரு பள்ளத்துக்கு அப்பால் இருக்கிறது. கைப்பேசி அங்கே வெறும் கடிகாரம்தான். வண்டியை ஓட்டியவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஒருநாள் மத்தியானம் அவர் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"காலையிலேர்ந்து எத்தனவாட்டி கூப்புட்டேன், ஏம்மா பதிலே சொல்லல?"

"கூப்டீங்களா? நான்தான் உங்கள ரெண்டுவாட்டி கூப்ட்டேன். சும்மா கரகரன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"நீ பேசுனது எனக்கு கணீர்னு கேட்டிச்சிலா!"

நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சின்னத்துரையிடம் போய்ச் சொன்னோம். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்கிறது என்றால் செட் நன்றாக இருக்கிறது, பேசத் தெரியாதது டிரைவரின் குறை என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ரேடியோ பதிவேட்டில் 'டிரைவர் மைக்கைச் சரியாக அழுத்துவதில்லை' என்று எழுதச் சொன்னார்.

எழுதினேன். அண்ணே அங்கேயே நின்றுகொண்டிருந்தார். என் பேனா ஓடுவதைப் பார்த்தார், வெளியே போனார். சின்னத்துரையைப் பற்றி நான் எவ்வளவு கேவலமாகப் பேசினாலும், அந்த வரி என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுவாரம் டிரைவர்கள் எல்லாரையும் பெரட்டுக்கு முன்னால், அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு முன்னால், வரிசையில் நிற்கவைத்து வகுப்பு எடுத்தார். மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும், அழுத்தி ஒரு நொடி பொறுக்க வேண்டும், பிறகு பேச வேண்டும். பனிக்குளிரில் ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அந்த ஏழு பேரில் ஆகக் குறைந்த அனுபவம் உள்ளவர் பன்னிரண்டு வருடமாக ரேடியோவில் பேசிக்கொண்டிருப்பவர். வகுப்பு எடுத்தவர் வந்து எட்டு மாதம்.

வகுப்பு முடிந்தும் கரகரப்பு நிற்கவில்லை. ஈப்போவிலிருந்து ஒரு டெக்னீஷியனை வரவழைத்தார்கள். அவர் மழை தூறும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். வண்டியின் பானட்டைத் திறக்கவில்லை, ஏரியலைத் தொட்டுப் பார்க்கவில்லை. பழைய செட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினார். லேப்டாப்பில் எதையோ ஏற்றினார். பிறகு ஆபீஸ் வாசலிலேயே, என் சன்னலுக்கு முப்பதடி தூரத்தில் வண்டியில் உட்கார்ந்து, "ஹலோ, டெஸ்ட்டிங்" என்றார். அவர் குரல் ரேடியோவில் கேட்பதற்கு முன்னால் சன்னல் வழியாகவே எனக்குக் கேட்டுவிட்டது.

"பத்தொம்பதாம் மலைக்குப் போய்ப் பேசிப் பாத்துடலாமே" என்றேன்.

"தேவையில்ல லா அக்கா. எல்லாம் ஓகே. புது செட்டு."

அவருக்கு இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும். சின்னத்துரை அவரோடு கைகுலுக்கினார். மறுநாள் காலை பத்தொன்பதாம் மலையிலிருந்து அதே கரகரப்பு வந்தது. சின்னத்துரை காதில் அதைப் போட்டேன். புது செட்டிலும் பேசத் தெரியவில்லை என்றால் டிரைவரை மாற்ற வேண்டியதுதான் என்றார். இப்படி யோசிப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும்போல.

அடுத்த வாரத்திலேயே அது நடந்தது. காலை பத்து மணியிருக்கும். செட்டில் கரகரவென்று சத்தம் வந்து நின்றது. மறுபடி வந்தது. ஒரு மனிதர் நிறுத்தாமல் அழுத்துகிறார் என்பது புரிந்தது. பேச்சில் ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. ஆனால் அவர் மைக்கை அழுத்தும்போது இரைச்சல் வருகிறது, விட்டால் நிற்கிறது. அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணே, பேசாதீங்க. நான் பேசுறது கேட்டா மைக்கை ஒருவாட்டி மட்டும் அழுத்துங்க. ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. கேக்குதா?"

கரக். ஒன்று.

"வண்டி கவுந்திடுச்சா?"

இரண்டு.

"ஆளுக்கு அடிபட்டிடுச்சா?"

கொஞ்சம் தயக்கம். இரண்டு.

மழை இல்லை, மண் சரிய வாய்ப்பில்லை. நான்கு நாளுக்கு முன்னால் பக்கத்து மலையில் தேயிலைச் செடிக்கடியில் கூடு பார்த்ததாகப் பேச்சு அடிபட்டது நினைவுக்கு வந்தது. "குளவியா?"

ஒன்று. அந்த ஒன்று நீளமாக வந்தது.

"எத்தன பேரு? அத்தனவாட்டி அழுத்துங்க."

மூன்று.

அந்த நேரம் பார்த்துச் சின்னத்துரை உள்ளே வந்தார். நான் ரேடியோவோடு ஏதோ விளையாடுவதாக நினைத்துவிட்டார். "ஒழுங்கா பேசச் சொல்லு. வாட் இஸ் திஸ்?" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்தி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பதினாறு வருட வேலையில் எந்தத் துரையின் வாயையும் நான் அப்படி அடைத்ததில்லை. அவர் வாய் மூடியது.

"மூணு பேருக்கும் மூச்சு நல்லா வருதா?"

இரண்டு.

"ஒருத்தருக்கு மட்டும் மோசமா?"

ஒன்று.

"சரி. மூணு பேரையும் ஏத்திக்கிட்டு உடனே கெளம்புங்க. நான் டிரெஸ்ஸர ஊசியோட பள்ளத்துப் பாலத்துக்கு அனுப்புறேன். அங்க நிறுத்துங்க. புரிஞ்சுதா?"

ஒன்று. அதற்கப்புறம் சத்தமில்லை.

தோட்டத்துக் கிளினிக்கில் டிரெஸ்ஸர் ஒருவர் இருக்கிறார். முதலுதவியும் ஊசியும் அவர் பொறுப்பு. அவரைப் போனில் பிடித்தேன். நான் பேசி முடிப்பதற்குள் அவர் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. மூன்று பேரில் மோசமாக இருந்தவர் நேப்பாளத்திலிருந்து வந்த தொழிலாளி. முகம் வீங்கிக் கண் மூடிக்கிடந்ததாம். பாலத்தருகே ஊசி போட்டு, அங்கிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் சந்தேகம்தான் என்று டிரெஸ்ஸர் சொன்னார். அவர் எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவர் இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணே பட்டறையில் வண்டியை நிறுத்தியிருந்தார். ஆபீஸைப் பூட்டிவிட்டு நேரே அங்கே போனேன். சட்டையெல்லாம் அழுக்காக, படியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, செட்ட மாத்தியாச்சு. கோளாறு அப்படியே இருக்கு. அப்போ கோளாறு செட்டுல இல்ல."

"இத கண்டுபிடிக்க ஈப்போலேர்ந்து ஆள் வரணுமா?" என்றார். சிரிக்கவில்லை.

உரம் ஏற்றும் லோரியின் ஏரியல் காந்தம் வைத்தது. கூரையில் ஒட்டினால் நிற்கும். அதை ஒயரோடு கழற்றிவந்து போர்வீல் கூரையில் ஒட்டி, ஒயரைச் சன்னல் வழியே விட்டு செட்டில் செருகினோம். மறுநாள் விடிந்ததும் அண்ணே பத்தொன்பதாம் மலைக்குப் போனார்.

"ஆபீஸ், ஆபீஸ். கேக்குதாம்மா?"

பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. "கேக்குதுண்ணே" என்றேன். 

ஆக, கோளாறு வண்டியின் சொந்த ஏரியலில் அல்லது அதன் ஒயரில். திரும்பி வந்ததும் இருவரும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனோம். கூரையில் ஒரு இரும்புச் சட்டம் பொருத்தியிருந்தது. சின்னத்துரை வாரக் கடைசியில் தன் சைக்கிளைக் கட்டிப்போவதற்காகப் பட்டறையில் சொல்லிச் செய்யவைத்தது. அதன் முன்கால் ஒயரின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. போல்ட்டைக் கழற்றித் தூக்கினோம். ஒயர் மிதிபட்ட பல்லிபோலத் தட்டையாகக் கிடந்தது. மேல்தோல் கிழிந்து, மழைத்தண்ணீர் புகுந்து, உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. ஆபீஸ் ரேடியோ கோபுரத்திலிருந்து பலமாக வருகிற பேச்சைக் கேட்க அந்த மிச்ச ஒயர் போதும். வண்டியிலிருந்து பேச்சை வெளியே அனுப்பத்தான் அதற்குச் சக்தியில்லை. அனுப்புவதெல்லாம் நசுங்கிய இடத்தில் முட்டித் திரும்பியிருக்கிறது.

அண்ணே அந்தத் துண்டைக் கத்தரித்து என் கையில் கொடுத்தார். "இவனுக்கு சைக்கிள் ஓட்டணும். அதுக்கு நான் ஊமையாகணும்" என்றார்.

ஒயர்த் துண்டைச் சின்னத்துரையின் மேசையில் வைத்தேன். கூரையிலிருந்த இரும்புச் சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் துண்டைத் தொடாமல் பென்சிலால் தள்ளிவிட்டு, பெரிய துரைக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும், தட்டச்சு செய் என்றார். சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தேன். தன் நேரடி ஆய்வில் ஒயர்ப் பழுது கண்டுபிடிக்கப்பட்டது என்றார். அடித்தேன். சட்டம் என்ற சொல் வரவேயில்லை. டிரைவர் உரிய காலத்தில் தெரிவிக்காததும் ஒரு காரணம், பதிவேட்டில் அவர் மைக் பழக்கம் பற்றிய குறிப்பு உள்ளது என்றார்.

கையை எடுத்துவிட்டேன்.

"இத நான் அடிக்கமாட்டேன், சார். அந்தக் குறிப்ப நீங்க சொல்லி நான் எழுதுனது. அண்ணே அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. அது பொய்யின்னு நானும் பெரிய துரைக்கு எழுதுவேன்."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கண்ணை இரண்டு முறை சிமிட்டினார், அவ்வளவுதான். சண்டை போடும் அளவுக்குக்கூட உள்ளே சரக்கில்லாத மனிதர். என்னை எழுந்துபோகச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து இரண்டு விரலால் மத்தியானம் முழுக்க அடித்தார். ஒற்றைப் பக்க அறிக்கை.

டிரைவர் பற்றிய வரி அதில் இல்லை. அவருடைய ஆய்வு இருந்தது. மாதக் கூட்டத்தில் பெரிய துரை அதைப் பாராட்டினார் என்று கேள்விப்பட்டேன். அண்ணே வண்டியை விட்டு மாற்றப்படவில்லை. புது ஒயரை உள்பக்கமாகக் கொண்டுபோய் அவரே பொருத்தினார். பதிவேட்டில் நான் எழுதிய அந்த வரிக்குக் கீழே, 'மேற்கண்டது தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் படித்தார்.

"இத அன்னிக்கே எழுதியிருக்கலாம்ல?" என்றார்.

எழுதியிருக்கலாம். "ஆமாண்ணே" என்றேன்.