பேய்ருந்தும் பல்செட்டும்

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் சொல்லிவந்த அக்காவுக்கு மேல்வரிசைப் பல்செட்டு சரியாகப் பொருந்தவில்லை. கட்டிக்கொடுத்த மருத்துவருக்கு என்ன அவசரமோ. ஏகாரத்தை நீட்டினால் செட்டு கழன்று இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க நாக்கு மேலே போகும். 'ஏ' நெளிந்து 'ஏய்' ஆகிவிடும். "ஏய்ழாவது மேய்டையில் பேய்ருந்து தயார்" என்று நிலையமே அதிரும்.

முதலில் ஓட்டுநர்கள் சிரித்தார்கள். "என்னக்கா, பேய் ஓட்டுற வண்டியா?" என்று ஜன்னலில் தலையை நீட்டினார்கள். கேலிக்குச் சொல்லிச் சொல்லி அது அவர்கள் வாயிலேயே ஒட்டிக்கொண்டது. பத்து வருடத்தில் ஊரே 'மேய்ல', 'கேய்ளு' என்றது. பெருமைப்பட வேறொன்றும் இல்லாத ஊர், இதையாவது பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பேராசிரியர் வந்தார்.

"ஒத்தை உயிரெழுத்து நீண்டு வளைஞ்சு, ரெண்டு ஒலி சேந்த கூட்டுயிரா மாறுதும்மா. எத்தனையோ மொழியில நடந்திருக்கு. இங்க ஏன் நடக்குதுன்னுதான் தேடிட்டிருக்கேன்."

"தேய்ட வேய்ணாம் சார். இதான்." அக்கா செட்டைக் கழற்றிக் காட்டினார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு ஆளோட பல்லால மொழி மாறாதும்மா."

அவர் எழுதிய நாற்பது பக்கத்தில் நகரமயம் இருந்தது, இளைஞர் மனநிலை இருந்தது. பல் மட்டும் இல்லை.

அடுத்த வருடம் மகள் நல்ல பல்செட்டு ஒன்று கட்டவைத்துக் கொடுத்தாள். மறுநாள் காலையே அக்காவின் ஏகாரம் நேராக நின்றது. மதியத்துக்குள் புகார் வந்தது. மேலாளர் கூப்பிட்டார்.

"என்னக்கா, திடீர்னு வெளியூர்க்காரங்க மாதிரி அறிவிக்கிறீங்க? நம்ம ஊரு மாதிரி சொல்லுங்க."

"அது ஊரு மாதிரி இல்ல சார், என் பழைய பல்லு மாதிரி."

"பேய்சாம சொன்னதைச் செய்ங்க."

அக்கா செய்யவில்லை. பத்து வருடம் ஈறு புண்ணாகி வெந்நீரில் கொப்பளித்தவர் அவர். ஊருக்கு அதுவா தெரியும்? அவரைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால், முப்பத்திரண்டு பல்லும் முத்தாக இருக்கிற ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அவள் 'ஏய்' என்று இழுப்பதைக் கேட்டுப் பயணிகள் நிம்மதியானார்கள்.

குடையைத் தேடி வருகிறவர்களிடம் அக்கா, "மேல் தட்டுல இருக்கா பாருங்க" என்பார்.

"ஊருக்குப் புதுசாம்மா?" என்று அவர்கள் அன்பாகக் கேட்பார்கள்.

அக்கா கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்.