லாடக்கா

நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அதில் போய் உட்கார்ந்துவிடுகிறார். ஆறாம் எண் கணினியிலிருந்து எழுந்தவர் இன்னும் கதவைத் தாண்டியிருக்கமாட்டார்; அதற்குள் இவர் விரல்கள் வேலையைத் தொடங்கியிருக்கும். பார்த்த பக்கங்களின் பட்டியலை அழிக்கிறார். இணையதளங்கள் விட்டுப்போன அடையாளத் துணுக்குகளைத் துடைக்கிறார். உலாவியை மூடித் திறக்கிறார். பிறகு முதுகை நிமிர்த்தி, தேடும் கட்டத்தில் இரண்டே விரல்களால் தட்டுகிறார்: குதிரை லாடம்.

திரை முழுக்க லாடங்கள் வருகின்றன. நாலைந்தைத் திறந்து, அளவு, எடை, எத்தனை ஆணி என்று அக்கறையாகப் படிக்கிறார். ஒரு ஜோடியை வாங்கும் கூடையில்கூடப் போட்டுவைக்கிறார். அவரிடம் குதிரை கிடையாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் குதிரையின் அருகில் போயிருக்கிறார். அது தும்மியதும் திரும்பி வந்துவிட்டார்.

நூலகத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தக் கணினி அறை. பதினொரு கணினிகள், சாம்பல் நிற நாற்காலிகள், அடிக்கடி தாளை மென்று துப்பும் ஓர் அச்சுப்பொறி. வருபவர்களுக்கு ஆளுக்கு அரை மணி நேரம். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், படிவம் நிரப்புகிறவர்கள், வெளியூரில் இருக்கும் பேத்தியின் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். இந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நாற்பத்தொரு வயது. கழுத்தில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. தேடும்போது இரண்டுமே கிடைக்காது. ‘லாடக்கா’ என்ற பெயர் நூலகர் வைத்தது. ஒருநாள் மேலே வந்து நாளிதழ்ப் பக்கத்தைத் திறந்த அவருக்கு, செய்தியின் இருபுறமும் லாடம், நடுவில் சேணம், அடியில் குதிரைப் புண்ணுக்குக் களிம்பு. கீழே போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அதே கதைதான்; நூலக வைஃபையில் இருக்கும் அவர் போனோடு லாடமும் வீட்டுக்கு வந்துவிட்டது. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். ஒரு காலையில் தன் போனை நீட்டி, “குதிரை வாங்கப் போறோம்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாலாவது மாடிக்கு அதை எப்படி ஏத்துறது?” என்று கேட்டார். கேட்டுவிட்டு லிஃப்ட்டின் எடை அளவை நிஜமாகவே யோசித்தார்.

லாடக்காவுக்கு ஒரு திறமை உண்டு. கணினியில் வரும் விளம்பரங்களை வைத்தே, முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தவரின் நிலைமையைக் கண்டுபிடித்துவிடுவார். சூட்கேஸும் ஒற்றை அறை வாடகையும் சேர்ந்து வந்தால் ஒரு மாதிரி. கைக்குழந்தைத் தொட்டில் வந்து, அடுத்த வாரம் தூக்க மாத்திரை வந்தால் வேறு மாதிரி. கண்டுபிடிப்பாரே தவிர ஒருவரிடமும் சொல்லமாட்டார்.

இந்த வேலைக்கு முன் ஆறு வருடம் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தார். நோயாளியின் பெயரையும் பிரிவையும் சேர்த்து உரக்கக் கூப்பிட வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டபோது, கூட்டத்தில் ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. மூன்று முறை கூப்பிட்டார். பக்கத்தில் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்ததால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல அந்த மனிதரும் சுற்றிலும் தேடிப் பார்த்தார். பிறகு வைத்தியம் பார்க்காமலேயே போய்விட்டார். மறுநாளிலிருந்து லாடக்கா எண்ணை மட்டும்தான் கூப்பிட்டார். திட்டு வாங்கினார். அப்போதும் எண்ணைத்தான் கூப்பிட்டார்.

கணினி அறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதினொரு கணினிகளிலும் விளம்பரத் தடுப்பானைப் போட்டுவைத்தார். உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்ன நிரல் அது. தப்பித் தவறி ஒரு விளம்பரம் உள்ளே நுழைந்தால் மூலையிலுள்ள பெருக்கல் குறியைக் கொசு அடிக்கும் வேகத்தில் தட்டி மூடுவார். பேசிக்கொண்டே மூடுவார், தும்மிக்கொண்டே மூடுவார். விரலுக்கு அது தனிப் பழக்கமாகவே ஆகிப்போனது.

அப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாத் திரைகளிலும் ஒரே அறிவிப்பு வந்தது. உலாவி புதுப்பிக்கப்பட்டது என்பது மேலே பெரிய எழுத்தில் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் இன்னும் ஏதோ. வழக்கமாக வருவதுதானே என்று வரிசையாகப் போய், பதினொரு முறை ‘சரி’யை அழுத்திவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல் அந்தத் தம்பதி வந்தார்கள். கணவர் லாரி மெக்கானிக். வழுவழுவென்று வழுக்கைத் தலை, அதில் எப்போதும் எங்காவது ஒரு கிரீஸ் தீற்றல். மனைவி தையற்கடை வைத்திருப்பவர்; புடவைத் தலைப்பில் குத்திய ஊசியை எடுக்க மறந்தே வருவார். இருவருக்கும் ஒரே அட்டை. முதல் அரை மணி தையற்காரம்மா ஆறாம் எண்ணில் உட்காருவார். மெக்கானிக் நாளிதழ் படிப்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள்.

அன்றும் மாறினார்கள். நடுவில் லாடக்கா போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அறையின் பதினொரு கணினிகளும் வெளியே போவது ஒரே இணைப்பு வழியாக. எந்த நாற்காலி என்று தெரியாவிட்டாலும், எந்த அறை என்பது விளம்பரக்காரர்களுக்குத் தெரியும். மெக்கானிக் ஏதோ கியர் பெட்டியின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் ஒரு பெண் சிரித்தபடி வந்தாள். தலைமுடி விளம்பரம். செயற்கை முடி. ‘பார்த்தால் சொந்த முடி போலவே.’

மெக்கானிக் அறையே கேட்கும்படி சிரித்தார். “ஏம்மா, இங்க வந்து பாரேன். எனக்குச் சொட்டைங்கறது இந்தப் பெட்டிக்கே தெரிஞ்சுபோச்சு!”

எல்லாரும் சிரித்தார்கள். தையற்காரம்மாவும் எழுந்து வந்து, பார்த்து, சிரித்தார். லாடக்கா பார்த்தது திரையை இல்லை. அந்த அம்மாவின் இடது கை, பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டிருந்தது. விளம்பரம் மாறியது. இப்போது மருத்துவமனை ஒன்றின் முழு உடல் பரிசோதனை. அதற்குள் லாடக்காவின் விரல் போய் மூடிவிட்டது. “மெஷின் சரியில்லண்ணே, நீங்க மூணாம் நம்பருக்குப் போங்க” என்றார்.

போகும்போது தையற்காரம்மா மட்டும் மேசையருகே நின்றார். கணவர் படியிறங்குகிற சத்தம் கேட்கும்வரை பேசவில்லை. பிறகு ஒரே மூச்சில் சொன்னார். மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்பது அடுத்த சனிக்கிழமையும் போய், அதற்கடுத்த புதனன்றுதான் தெரியும். கெட்டதென்றால் மருந்தில் முடி கொட்டுமாமே என்றுதான் அந்த முடியைத் தேடியிருக்கிறார். மகளின் கடைசிப் பரீட்சையும் அதே புதனில் முடிகிறது. அதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது.

“நானே சொல்லிக்கிறேன்மா. அவர் பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சு நானே சொல்லணும். அந்தப் பெட்டி சொல்லக் கூடாது.”

லாடக்காவுக்கு, மருத்துவமனையில் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தவரின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “சொல்லாதுக்கா” என்று மட்டும் சொன்னார். எப்படிச் சொல்லாமல் வைக்கப்போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

திங்களன்று அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படித்தார். அவருடைய பழைய தடுப்பான் புது உலாவியில் இயங்காதாம், நீக்கியாயிற்றாம். பதினொரு ‘சரி’களும் அதற்குத்தான். அதே தடுப்பானின் இளைத்த வடிவம் ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்த்தால் பாதியைப் பிடித்தது, மீதியை விட்டது. தொழில்நுட்பப் பிரிவில் ஒருவரைப் போனில் பிடித்தார். அவர் அலுப்போடு, அது தானாக வருவது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். வேறொரு உலாவியில் பழைய தடுப்பான் இன்னும் வேலை செய்கிறது, அதைப் போடலாமா என்று கேட்டதற்கு, எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தார். நூலகரிடம் கையெழுத்துக்குப் போனபோது அவர் பேனாவைத் திறக்காமலே, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டார்.

“முன்னாடி நம்ம வாசல்ல நம்ம வாட்ச்மேன் நின்னான் சார். யார் உள்ள வந்தாலும், யார் சேதி வெளிய போனாலும், நிறுத்தி மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணுவான். இப்ப அவன் வாசல்ல நிக்கக் கூடாதாம். யார் யாரைத் தடுக்கணும்னு முன்கூட்டியே சீட்டு எழுதி வீட்டுக்காரர்கிட்ட, அதான் அந்த உலாவிகிட்டயே, குடுக்கணும். சீட்டு இவ்வளவு நீளம்தான் இருக்கலாம். அதைப் பாத்து வீட்டுக்காரரே தடுத்துக்குவாராம். ஆனா தினம் புது மூஞ்சி வருது சார்.”

“அதுல பாதுகாப்பு அதிகம்னு சொல்றாங்களே?”

“இருக்கலாம் சார். எல்லா வாட்ச்மேனும் நல்லவன் இல்லதான். சிலது உள்ளயே திருடும். ஆனா என் வாட்ச்மேனைப் பத்தி எனக்குத் தெரியும்ல?”

நூலகர் கையெழுத்துப் போட்டார். அனுமதி வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் லாடம் பிறந்தது. அழித்தால் மட்டும் போதாது, வேறு எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எதைத் தேடுவது? இங்கேதான் மனுஷி ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார். குடை என்று முதலில் அடித்தார், சரி. அடுத்து சூட்கேஸ் என்று அடிக்கப்போய் நிறுத்தினார். வீட்டைவிட்டுப் போகத் துடிக்கிற ஒருத்தி அந்த நாற்காலியில் உட்காரலாம். பொம்மை வேண்டாம், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள். கைத்தடி, செருப்பு, கட்டில், எதை எடுத்தாலும் யாரையாவது உறுத்தும் போலிருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்திருந்த சிறுவர் புத்தகம் ஒன்று மேசைமேல் கிடந்தது. அட்டையில் ஒரு குதிரை, காலைத் தூக்கிக்கொண்டு. இந்த ஊரில் லாடத்தைப் பார்த்து மனம் நொந்துபோக ஒருவரும் இல்லை என்று முடிவு செய்தார்.

ஒவ்வொரு நாற்காலியிலும், ஒவ்வொருவர் எழுந்த பிறகும், நாள் முழுக்க லாடம். விரல் நுனி காய்த்துப்போனது. அந்தச் சனிக்கிழமை தையற்காரம்மாவுக்குப் பின் மெக்கானிக் உட்கார்ந்தபோது, லாடக்கா நாளிதழ் அடுக்குவதுபோல அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். திரையின் ஓரம் சிமிட்டியது. லாடம். மறுபடி சிமிட்டியது. சேணம். இன்னொரு முறை, கடிவாளத்தோடு ஒரு குட்டிக்குதிரை. மெக்கானிக் தலையைத் தடவிக்கொண்டு, “போன வாரம் முடி, இந்த வாரம் லாடம். என்னை என்னன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கு இது?” என்றார். நாளிதழுக்குப் பின்னாலிருந்து தையற்காரம்மா சிரித்த சிரிப்பு, இந்த முறை நிஜச் சிரிப்பு.

புதன் வந்து போனது. அதே வாரம் அனுமதியும் வந்தது. வேறு உலாவி, அதில் பழைய தடுப்பான். வெள்ளி மாலை பதினொரு கணினிகளிலும் போட்டு முடித்தார். இந்த முறை ஒவ்வொரு அறிவிப்பையும் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் ‘சரி’யை அழுத்தினார். திரைகள் துடைத்த கண்ணாடிபோல ஆயின. ஆனாலும் லாடம் தேடுவதை அவர் விடவில்லை. இன்னொரு வெள்ளிக்கிழமை வராது என்று யார் சொன்னது?

சனிக்கிழமை அவர்கள் இருவரும் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார்கள். மெக்கானிக்கின் தலையில் கிரீஸ் இல்லை. நாளிதழ்ப் பக்கம் அவர் போகவில்லை; ஆறாம் எண்ணுக்கு முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் தோள் உரச உட்கார்ந்து, ஒரு மணி நேரமும் சேர்ந்தே தேடினார்கள். லாடக்கா தன் மேசையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அச்சுப்பொறிக்குத் தேவையில்லாமல் தாள் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மெக்கானிக்தான் எழுந்து வந்தார். சத்தமாகவே பேசிப் பழகிய மனிதர், குரலைத் தணிக்கத் தெரியாமல் தடுமாறினார்.

“தங்கச்சி, அன்னிக்கு ஒரு முடி விளம்பரம் வந்துச்சே. காதோரம் கொஞ்சம் நரை விட்டுச் செஞ்சிருந்தாங்க. இவ அதையேதான் கேக்குறா. முழுக் கறுப்பா வெச்சா தையல் கஸ்டமருக்குத் தன்னை அடையாளம் தெரியாதுங்கறா. கடை பேரைப் பாக்கல. எவ்வளவு தேடினாலும் அது மட்டும் வரமாட்டேங்குது.”

லாடக்கா அவரைப் பார்த்தார். பிறகு, அவருக்குப் பின்னால் தலைப்பில் ஊசியோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா லேசாகத் தலையசைத்தார்.

“வரவழைக்கலாம்ணே” என்று சொல்லிக்கொண்டு எழுந்துபோனார். மெக்கானிக்கின் நாற்காலி சூடாகவே இருந்தது; அதில் உட்கார்ந்தார். திரையின் மூலையில் இருந்த தடுப்பானை, தன் கையாலேயே, முதல்முறையாக அணைத்தார். தேடும் கட்டத்தில் இரண்டு விரல்களால் அடித்தார்: நரை கலந்த செயற்கை முடி. நாலைந்தைத் திறந்தார், அக்கறையாகப் படித்தார், ஒன்றைக் கூடையில் போட்டார். நாளிதழ்ப் பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். முதலில் லாடம்தான் வந்தது. மெக்கானிக்குக் கண்ணில் நீரோடு சிரிப்பு வந்துவிட்டது. திரும்பவும் அடித்தார், திரும்பவும் திறந்தார். மூன்று பேரும் திரையின் வெறும் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரம் சிமிட்டியது. காதோரத்து நரை மெல்லத் தெரியத் தொடங்கியது. மூலைப் பெருக்கல் குறியை நோக்கித் தன்பாட்டுக்குப் பாய்ந்த வலக்கை விரலை, லாடக்கா இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.