எத்தனை தடவை என்று கேட்டால்

ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன், பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் நான் ஒருவன்தான். போட்டியே இல்லாத தொழில். மரியாதையும் அதற்கேற்பத்தான். அந்தக் காலத்தில் ரஷ்யாவுக்குப் போய்ப் பொறியியல் படித்துவிட்டு வந்தவன், இன்று தென்னந்தோப்புக்கு நடுவில் உட்கார்ந்து டிராக்டர், பம்பு கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலையில் என் உயிரை வாங்குபவை இயந்திர பாகங்களின் பெயர்கள் அல்ல, 'எப்போதாவது', 'அவ்வப்போது' மாதிரியான சில்லறைச் சொற்கள். ரஷ்யர்களிடம் 'நியெட் நியெட் தா இ' என்று ஒரு வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் போட்டால் 'இல்லை, இல்லை, ஆனால் உண்டு' என்று வரும். நடக்காது நடக்காது என்றிருந்துவிட்டுத் திடீரென்று நடந்து தொலைப்பதை அப்படிச் சொல்வார்கள். அதை நான் ரசித்து ரசித்து ஆங்கிலத்தில் நீட்டி எழுதினால், கொச்சியில் இருக்கும் எடிட்டர் அம்மையார் 'சம்டைம்ஸ்' என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாமே சம்டைம்ஸ்தான் நடக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வழக்கை விளக்கவே வேண்டாம். கள்ளுக்கடையிலிருந்து மீசையைத் துடைத்துக்கொண்டே வருகிறவரிடம் "ஏனுங்ணா, குடிப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எப்பவாச்சும்ங்க" என்பார். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர், ஆஷா வர்க்கர், வந்து சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், அதே மனிதர் "தவறாமங்க" என்பார். கௌரவத்துக்கு இடைஞ்சலானதெல்லாம் எப்பவாச்சும், மற்றதெல்லாம் தவறாமல். இதைப் பொய் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மகள் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன மாதம் படிப்பின் நடுவிலேயே திரும்பி வந்துவிட்டாள். மயக்கம் போட்டு விழுகிறாள் என்று அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்து, காகிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இனி பாலக்காட்டில் நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். அவருக்கு அது ஆங்கிலத்தில் வேண்டுமாம். அக்கா காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"பாப்பாவுக்கு வரன் பேசீட்டு இருக்கறமுங்க தம்பி. பாத்து எழுதுங்க."

"இருக்கறத எழுதோணுமுங்க்கா. அதப் பாத்துத்தானுங்க மருந்து குடுப்பாங்க."

பெரிதாக வீரம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். காகிதத்தில் இருந்தது இதுதான்: 'நோயாளியின் சொற்படி, மயக்கம் எப்போதாவது வருகிறது. மேல் சோதனை தேவையில்லை.' அப்படியே ஆங்கிலத்தில் எழுதிப் படித்துக் காட்டி, அர்த்தமும் சொன்னேன். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

எனக்குத்தான் அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. நோயாளியின் சொற்படி என்றால், அந்த நோயாளி எருத்தேன்பதிக்காரி அல்லவா? எத்தனை தடவை என்று கேட்டிருப்பார்கள். இவளும் நாங்கள் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பாள், ரஷ்ய மொழியில். அந்த டாக்டர் பாவம், கள்ளுக்கடைப் பக்கம் வந்தவரில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு பிழைகூட இல்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் மாடிப்படியிலோ கிணற்றடியிலோ விழுந்துவைத்தால் என்ன செய்வது?

அக்கா கூப்பிட்டதால் பாலக்காட்டுக்கு நானும் போனேன். மலையாளி டாக்டர், தமிழும் சுமாராகப் பேசுவார். என் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"எத்தன தவண... எத்தன தடவ வரும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "எப்பவாச்சும்ங்க டாக்டர்."

டாக்டர் தலையாட்டினார். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்று சொல்லிக்கொண்டே சீட்டில் ஏதோ வைட்டமின் எழுத ஆரம்பித்தார்.

அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ச்சாஸ்தா," என்றாள் ரஷ்ய மொழியில். "ஓச்சின் ச்சாஸ்தா." அடிக்கடி, ரொம்பவும் அடிக்கடி. குளியலறையில் விழுந்தது, டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்தது, முந்தாநாள் அடுப்படியில் விழுந்தது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அம்மாவுக்குத் தெரியாத மொழியில்தான் அவளுக்கு அதைச் சொல்ல வந்தது. அவள் குரல் நடுங்கவில்லை.

ஒரு சொல்லையும் பூசி மெழுகாமல் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு சீட்டில் தலை ஸ்கேனும் மற்ற சோதனைகளும் எழுதினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "பாப்பா என்ன சொல்லுச்சுங்க தம்பி?"

எப்பவாச்சும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துறுதுறுத்தது உண்மை. "அடிக்கடி வருதுன்னு சொல்லுதுங்க்கா," என்றேன்.

அக்கா முந்தானையால் மகளின் நெற்றியைத் துடைத்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்களா தம்பி? ஊருக்கு வந்ததுலருந்து ஒவ்வொருக்காவும் தாங்கிப் புடிக்கறது நானுதானுங்களே."