வாய்ச் சுத்தம்

எட்டாம் வகுப்போடு நின்ற நான் வேதத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்கவும். நேற்று போடி பஸ்சில் பக்கத்து இருக்கைக்காரர் ஏலக்காயை மென்றபடி செல்போனில் வேதம் கேட்டுக்கொண்டு வந்தார். நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டேன்.

சின்ன வயதில், மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு வேத வாத்தியார் வீட்டு முற்றத்துக்கு அம்மாவோடு ஏலக்காய் தரம் பிரிக்கப் போவேன். கூடத்தில் அவர் தன் மகனுக்குச் சிட்சை நடத்துவார். மந்திரத்தின் ஒவ்வொரு எழுத்தையும் எப்படி உச்சரிப்பது என்று சொல்லும் பழைய நூல் அது. தொண்டைக்கு இதமாக ஏலக்காயை மென்றுகொண்டே, "வாய் சுத்தமா இருந்தாத்தான்டா மந்திரம் சுத்தமா வரும்" என்பார். சக்கையை முற்றத்தில் துப்புவார். ஒருநாள் அது அம்மா பிரித்து வைத்த குவியலில் எச்சிலோடு விழுந்தது.

"சாமி, காய் மேல விழுகுது."

"பொறுக்கிப் போடு. அதுதானே உன் சோலி?"

அம்மா வெறும் விரலால் அதை எடுத்துப் போட்டாள். அவர் வாய் கொப்பளித்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

திரும்பி வரும்போது, "நாளைக்கு அங்க போக வேணாம்மா" என்றேன்.

"வேற யாரு வேலை தர்றா? வெரசா நட."

மறுநாளும் இருவரும் அந்த முற்றத்துக்கே வேலைக்குப் போனோம்.