பைலட் பிழைத்த பக்கம்

என் மருமகள் வேலை பார்க்கிற பங்களாவில்தான் நானும் ஒரு காலத்தில் வேலை பார்த்தேன். குன்னூருக்கு மேலே தேயிலை எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் தொரை குடியிருந்த பங்களா அது. இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி. அவள் அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள். நான் பின்பக்கம் வெந்நீர் பாய்லருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தவன். மழை மாதத்தில் தைலம் எடுக்கிற கற்பூர மரத்து விறகுகூடச் சீக்கிரம் பற்றாது. ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். பற்றவைக்கத் தாள் வேண்டும்.

அந்தத் தாளாகத்தான் படப் புத்தகங்கள் என் கைக்கு வந்தன. தொரையின் பையன்களுக்குச் சீமையிலிருந்து கப்பலில் கட்டுக்கட்டாக வரும். சண்டை, கப்பல், விமானம், நீருக்கடியில் ஆள். பார்த்து முடித்ததும் பாய்லர் பக்கம் போட்டுவிடுவார்கள். எனக்கு எரிக்க மனம் வராது. சட்டைக்குள் மடித்து வைத்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுக்குக் கொண்டு போவேன்.

எனக்குத் தமிழே படிக்கத் தெரியாது, இங்கிலீஷ் எங்கே? படத்தைப் பார்த்துக் கதை சொல்வேன். கொழுந்து எடுக்கிற பெண்கள், ஃபாக்டரி ஆட்கள், எல்லாரும் சாயந்திரம் என் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள்.

அதில் ஒரு பைலட் கதை. கடைசிப் பக்கத்தில் ஆறு படம், மேலிருந்து கீழாகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. கொழுந்துக்குப் போகிறவர்கள் ஒரு தேயிலை நிரையில் ஏறி அடுத்த நிரையில் இறங்கி வருவார்கள். நான் அதே மாதிரி இடது வரிசையில் மேலிருந்து கீழே இறங்கி, வலது வரிசையில் கீழிருந்து மேலே ஏறினேன். வேறு மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. பைலட் விமானத்தில் ஏறுகிறான், எதிரி சுடுகிறான், விமானம் கடலில் விழுகிறது, தண்ணீரில் தொப்பி மட்டும் மிதக்கிறது. அப்புறம் விமானம் புகை கக்கிக்கொண்டு கடலுக்கு மேலே வந்துவிடுகிறது. கடைசியில் பைலட் கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கிறான். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஒருத்தன் மட்டும் தட்டவில்லை. சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் லைனில் பக்கத்து வீட்டில் இருந்தவன், என் வயதுக்காரன். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை போயிருக்கிறான்.

“இது அப்பிடி பார்க்கிறது இல்ல. எழுத்து மாதிரி, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகணும். சிரிக்கிறது ரெண்டாவது படம். தொப்பிதான் கடைசி. அந்த ஆள் செத்துட்டான்.”

“இங்க பாருங்க, மூணாங்கிளாஸ் வாத்தியாரு நமக்குப் படம் பார்க்கச் சொல்லித் தர்றாரு!” என்றேன் நான்.

சனம் சிரித்தது. சனத்துக்குப் பைலட் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவன் பெயர் வாத்தியார். இலை எடை போடுகிற இடத்தில் பெண்கள், “ஏனுங்க வாத்தியாரே, இன்னிக்கு யாரைக் கொன்னுபோட்டு வந்தீங்க?” என்பார்கள். நானும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான்தான் முதல் ஆளாகக் கூப்பிடுவேன். ஒரு வருஷம் பொறுத்தான். பிறகு பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலைக்குப் பெயர் கொடுத்துப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளவில்லை.

போன மாதம் மருமகள் தன் ஃபோனில் ஒரு படம் காட்டினாள். பங்களா ஹாலில் பழைய படப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்களாம். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அதே பைலட், அதே ஆறு படம்.

“என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லும்மா.”

விரலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகக் கொண்டு போனாள். “ஆளு திரும்பி வரலைங்க மாமா. தொப்பிதான் கிடைச்சுதுன்னு போட்டிருக்குது.”

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தன் சரியாகச் சொன்னதற்காக அவனை ஊரை விட்டே போக வைத்திருக்கிறேன். இரண்டு பேரில் ஒருத்தர் கண் மூடுவதற்குள் அவன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லிவிட வேண்டும். ஃபோன் படத்தைக் கடையில் தாளில் எடுத்துக் கொடுத்தாள் மருமகள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறிப் போனேன். கூடலூர் இறக்கத்தில் வாந்தி வேறு.

பந்தலூர் பக்கம் விசாரித்து விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மெலிந்துபோயிருந்தான். வெளியே அவன் மகன் விறகு பிளந்துகொண்டிருந்தான், அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

“யாரு?”

“நான்தானப்பா, குன்னூரு. பாய்லர்க்காரன்.”

“என்னத்துக்கு வந்த?”

நான் தாளை எடுத்து அவன் மடியில் வைத்தேன். “நீ சொன்னதுதான் சரி. பைலட் செத்துப்போயிட்டான். உன்னையப் பார்த்து நாலு பேரு சிரிக்கும்படி பண்ணினேன். தப்பு என்னோடதுதான்.”

சட்டென்று என் கையைப் பிடித்து அழுத்தினான். “மெதுவாப் பேசு! பையன் காதுல விழுந்திரும்.”

“விழுந்தா என்ன?”

“சின்னப் புள்ளையா இருக்கிறப்ப, அம்மைபோட்டு லயத்து வீட்டுல படுத்துக் கெடந்தான். கதை சொல்லுன்னு அழுதான். எனக்கு வேற என்ன தெரியும்? பைலட்டு தண்ணிக்குள்ள இருந்து எழும்பி வந்துட்டான்னு சொன்னேன். அதோட விட்டானா? அப்புறம் என்ன ஆச்சுன்னான். ஊருக்குப் போனான், கல்யாணம் கட்டினான், ரெண்டு புள்ளைன்னு சொல்லிவச்சேன்.”

நான்கூட அவ்வளவு தூரம் போனதில்லை. “வாத்தி...” என்று ஆரம்பித்துப் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“சொல்லு, சொல்லு. எவ்வளவோ கேட்டாச்சு” என்றான். தாளை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான்.

பேச்சுச் சத்தம் கேட்டு மகன் கோடாரியோடு வாசலில் வந்து நின்றான். “யாருப்பா வந்திருக்கிறது?”

“குன்னூர்ல என் கூட்டாளி. பசியோட வந்திருக்கான், சோறு போடச் சொல்லு.”